மொட்டை மாடியில் ஐந்து கிலோமீட்டர்

ஒரே தூரம், இரு வேறு களைப்பு

நாள்தோறும் விடியலில் ஐந்து கிலோமீட்டர் ஓடிப் பழகியவர் மூன்று வாரம் வீட்டோடு இருந்துவிட்டு மீண்டும் அதே சாலையில் இறங்கும்போது, முன்பு பேச்சுக் கொடுத்தபடியே கடந்த இடத்தில் மூச்சு வாங்கி நிற்கிறார். கால் அதே கால்தான், எடையும் பெரிதாகக் கூடவில்லை, சாலையும் நீண்டுவிடவில்லை. அப்படியிருக்க, அந்த மூன்று வாரத்தில் உடலுக்குள் குறைந்துபோனது எது? அவருடைய பக்கத்து வீட்டுக்காரரோ அதே மூன்று வாரமும் மொட்டை மாடியில் முன்னும் பின்னுமாக ஓடி, நாள்தோறும் ஐந்து கிலோமீட்டரை எண்ணி முடித்தவர். அவருக்கு மூச்சு வாங்கவில்லை. ஆனால் சாலையில் ஓடிய நாள்களைவிட மாடியில் ஓடிய நாள்களில் அதிகம் களைத்ததாகவும், முழங்காலின் உட்பக்கம் வலித்ததாகவும் அவர் சொன்னால், அதுவும் வியப்புக்குரியதே. தூரம் ஒன்றாக இருக்கும்போது களைப்பு மட்டும் ஏன் வேறாக வேண்டும்?

2020 மார்ச் 25 முதல் மே 31 வரை நாடு முழுவதும் நான்கு கட்டங்களாகக் கொரோனாப் பொதுமுடக்கம் நடப்பில் இருந்தபோது, ஓடிப் பழகிய பலரும் இந்த இரு கேள்விகளில் ஒன்றை எதிர்கொண்டனர். இரண்டுக்கும் விடை உடலியலிலும் எளிய இயக்கவியலிலும் இருக்கிறது. அதை விளங்கிக்கொள்ள, புதுச்சேரியில் கொம்யூன் எனப்படும் உள்ளாட்சிப் பிரிவுகளான வில்லியனூர், பாகூரைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது.

பின்னிக் கிடக்கும் எல்லை

புதுச்சேரி மாவட்டம் ஒரே துண்டான நிலப்பரப்பு அன்று. பிரெஞ்சுக்காரர்கள் வெவ்வேறு காலங்களில் ஊர் ஊராகப் பெற்ற நிலங்களின் தொகுப்பு என்பதால், அதன் கொம்யூன்கள் விழுப்புரம், கடலூர் மாவட்டங்களுக்குள் கை நீட்டியும், அம்மாவட்டங்களின் கிராமங்களைத் தமக்குள் இழுத்துக்கொண்டும் கிடக்கின்றன. 1954 நவம்பர் 1 அன்று ஆட்சி இந்தியாவிடம் வந்த பிறகு இந்த எல்லை அன்றாட வாழ்வில் ஏறக்குறைய மறைந்தே போயிற்று; சாலையோரப் பலகையும், மதுக்கடைகளின் எண்ணிக்கையும் மாறுவதைக் கொண்டே மாநிலம் மாறியதை வழிப்போக்கர் அறிந்தனர். வில்லியனூர்ப் பக்கத்து ஊசுட்டேரியின் நீர்ப்பரப்பில் ஒரு பகுதி புதுச்சேரிக்கும் மறு பகுதி தமிழ்நாட்டுக்கும் உரியது; பாகூர்ப் பகுதியிலிருந்து தெற்கே முள்ளோடையைத் தாண்டினால் கடலூர் மாவட்டம்.

மறைந்திருந்த அந்தக் கோடு 2020இல் திடீரென்று விழித்துக்கொண்டது. எல்லைச் சாலைகளில் தடுப்புகள் வந்தன, அந்தப் பக்கம் போக இ-பாஸ் வேண்டியிருந்தது, ஏரிக்கரைச் சுற்றுப்பாதை ஒன்றே இரு அரசுகளின் விதிகளுக்கு உட்பட்டது. அதே வேளையில் பிரான்சில், வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் தொலைவுக்குள் ஒரு மணி நேரம் உடற்பயிற்சி செய்யலாம் என்ற விதி இருந்தது. முள்ளோடையை மையமாக வைத்து அத்தகைய வட்டம் ஒன்றை வரைந்தால், அதன் ஒரு பங்கு அடுத்த மாநிலத்தில் விழுந்துவிடும். இந்திய விதிகளிலோ பயிர்த்தொழிலுக்கு விலக்கு இருந்ததே தவிர, ஓட்டத்துக்கென்று தனி விலக்கு இல்லை. வரப்பில் மண்வெட்டியோடு நடப்பவர் தம் வேலையைப் பார்க்கலாம். அதே வரப்பையொட்டிய சாலையில் காலணி மாட்டி ஓடுபவர் காரணம் சொல்ல வேண்டும். நெற்களமோ நவரைப் பருவ அறுவடை நாள்களில் நெல் காயும் இடமாகிவிடும். எஞ்சியது மொட்டை மாடி.

21 நாளில் உடல் இழப்பது

ஓட்டத் திறனை அளக்க உடலியலாளர் பயன்படுத்தும் அளவை, தமிழில் உச்ச உயிர்வளி நுகர்வு எனலாம். ஒருவர் தம்மால் இயன்ற மட்டும் கடுமையாக உழைக்கும்போது, அவர் உடல் ஒரு நிமிடத்தில் எவ்வளவு ஆக்சிஜனை எடுத்துப் பயன்படுத்துகிறது என்பதே அது. நுரையீரல், இதயம், இரத்தம், தசை ஆகிய நான்கும் கூடி இழுக்கும் தேர் என்பதால், எது தளர்ந்தாலும் அளவு குறையும்.

1966இல் அமெரிக்காவின் டாலஸ் நகரில், ஸ்வீடன் நாட்டு உடலியலாளர் பெங்த் சால்டினும் அவருடன் பணியாற்றியவர்களும் நலமான இளைஞர் ஐவரை மூன்று வாரம் படுக்கையிலேயே இருக்கச் செய்தபோது, அவர்களின் உச்ச உயிர்வளி நுகர்வு நான்கில் ஒரு பங்குக்கு மேல், சராசரியாக 27 விழுக்காடு, சரிந்தது. முப்பது ஆண்டுகள் கழித்து அதே ஐவரையும் மீண்டும் சோதித்தபோது, முப்பது ஆண்டு முதுமை அவர்களிடமிருந்து பறித்ததைவிட மூன்று வாரப் படுக்கை அதிகம் பறித்திருந்தது தெரியவந்தது.

பொதுமுடக்கத்தில் இருந்தவர் படுத்தே கிடக்கவில்லை. ஓட்டத்தை மட்டுமே நிறுத்தினார். அவருக்கு நெருக்கமான அளவை எட்வர்ட் கொய்ல் என்னும் அமெரிக்க ஆய்வாளர் 1984இல் வெளியிட்டார். நீண்ட காலம் பயிற்சி செய்து வந்த ஓட்டக்காரர்களும் மிதிவண்டி வீரர்களும் பயிற்சியை அடியோடு நிறுத்தியபோது, முதல் 21 நாளில் 7 விழுக்காடும், ஏறத்தாழ 12 வாரத்தின் முடிவில் மொத்தம் 16 விழுக்காடும் இழந்தனர். பொதுமுடக்கத்தின் முதல் கட்டமும் சரியாக 21 நாள்தான்.

இந்தத் தொடக்க இழப்பில் தசைக்குப் பங்கு குறைவு. முதலில் வற்றுவது இரத்தத்தின் நீர்மப் பகுதி. தொடர்ந்து ஓடுகிறவரின் உடல் வியர்வைக்கும் தசைக்கும் ஈடுகொடுக்கக் கூடுதல் இரத்த நீர்மத்தைச் சேமித்து வைத்திருக்கும்; தேவை நின்றதும் சில நாள்களிலேயே அதைச் செலவிட்டுவிடும். வாய்க்காலில் நீர்மட்டம் இறங்கினால் இறைக்கும் ஒவ்வொரு சாலும் நிரம்பாமல் வருவதுபோல, இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் வெளித்தள்ளும் இரத்தம் குறைகிறது. அதே வேகத்துக்கு அதிகத் துடிப்பு தேவைப்படுகிறது. முதல் கேள்விக்கு விடை இதுவே: காலில் வலு இருந்தும், காலுக்கு உயிர்வளி கொண்டுசெல்லும் ஓட்டம் மெலிந்திருக்கிறது.

எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்கக் கூடாது

இழப்பு இவ்வளவு விரைவானது என்றால், அதைத் தடுக்க எவ்வளவு ஓட்டம் போதும்? 1980களின் முற்பாதியில் ராபர்ட் ஹிக்சன் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இதை முறையாகப் பிரித்துப் பார்த்தார். வாரம் 6 நாள், நாளுக்கு 40 நிமிடம் என 10 வாரம் கடும் பயிற்சி பெற்றவர்களை எடுத்துக்கொண்டு, அடுத்த 15 வாரம் பயிற்சியின் மூன்று கூறுகளில் ஒன்றை மட்டும் குறைத்தார். ஒரு சோதனையில் நாள்களின் எண்ணிக்கை நான்காகவும் இரண்டாகவும் குறைந்தது. இன்னொன்றில் நேரம் 26 நிமிடமாகவும் 13 நிமிடமாகவும் குறைந்தது. மற்றொன்றில் கடுமை, அதாவது மூச்சிரைக்கச் செய்யும் அளவு, மூன்றில் ஒரு பங்கும் இரு பங்கும் குறைந்தது.

நாளைக் குறைத்தவர்களும் நேரத்தைக் குறைத்தவர்களும் உச்ச உயிர்வளி நுகர்வை இழக்கவில்லை. கடுமையைக் குறைத்தவர்கள் இழந்தனர். 13 நிமிடத்துக்கு இறங்கியவர்களுக்கு நெடுநேரம் தாக்குப்பிடிக்கும் ஆற்றல் சற்றுக் குறைந்தது உண்மையே. எனினும் இதயமும் இரத்தமும் தம் நிலையை விட்டுக்கொடுக்கவில்லை. உடல் தூரத்தைக் கணக்கு வைப்பதைவிட, அவ்வப்போது எவ்வளவு உயரத்துக்குத் தள்ளப்பட்டது என்பதையே அதிகம் கணக்கு வைக்கிறது என்று இதைச் சுருக்கலாம். நாள் முழுதும் குனிந்து நாற்று நடும் உழைப்பு உடலை வாட்டினாலும், அது பெரும்பாலும் மூச்சிரைக்கும் உச்சத்தைத் தொடாமல் நெடுநேரம் நீள்வது என்பதால், ஓட்டத்துக்கு அது மாற்றாகாமல் போவதன் காரணமும் இங்கேயே இருக்கிறது.

ஆகவே கேள்வி மாறுகிறது. ஒரு மாடியில் எத்தனை கிலோமீட்டர் ஓடலாம் என்பதைவிட, அந்த மாடி எவ்வளவு கடுமைக்கு இடம் தரும் என்பதே பார்க்க வேண்டியது.

12 மீட்டர் மாடி: ஒரு கணக்கு

கிராமத்து மாடி வீடு ஒன்றின் தளம் 12 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். நீளவாட்டில் ஓடினால் ஐந்து கிலோமீட்டருக்கு 417 நடை. ஒவ்வொரு நடையின் முடிவிலும் கைப்பிடிச் சுவரருகே நின்று திரும்ப வேண்டும். களைப்பின் புதிர் அந்தத் திருப்பத்தில் இருக்கிறது.

இதை அளக்க ஒரு நாணயம் வேண்டும். சமதளத்தில் நேராக ஒரு மீட்டர் ஓட உடல் செலவிடும் ஆற்றலை ஒரு நேர்மீட்டர் என்று இங்கே அழைப்போம். ஓடுகிறவரின் எடை கூடினால் ஓட்டச் செலவும் திருப்பச் செலவும் ஒரே விகிதத்தில் கூடுவதால், இந்த நாணயம் ஒல்லியானவருக்கும் பருத்தவருக்கும் செல்லும்.

மணிக்கு 9 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு இரண்டரை மீட்டர் வேகத்தில் ஓடுகிறவரின் உடலில் இயக்க ஆற்றல் தேங்கியிருக்கிறது. சுவரருகே நிற்கும்போது அது முழுவதும் வெப்பமாக வீணாகிறது. எதிர்த்திசையில் மீண்டும் அதே வேகத்தை எட்ட அதைப் புதிதாக ஈட்ட வேண்டும். தசை, தான் எரிக்கும் உணவாற்றலில் நான்கில் ஒரு பங்கையே இயக்கமாக மாற்றவல்லது என்பதால், இழந்ததைப் போல் நான்கு மடங்கு செலவாகிறது. கணக்கிட்டுப் பார்த்தால், ஒரு திருப்பத்தின் விலை ஏறத்தாழ 3 நேர்மீட்டர். எனவே மாடியின் 12 மீட்டர், உடலுக்கு 15 மீட்டர். மாடியில் 4 கிலோமீட்டர் ஓடியவர், சாலையில் 5 கிலோமீட்டர் ஓடியவருக்குச் சமமான ஆற்றலைச் செலவிட்டிருக்கிறார். ஐந்தை முடித்தே தீருவேன் என்று எண்ணியவர் சாலைக் கணக்கில் ஆறேகால் கிலோமீட்டர் ஓடியிருக்கிறார். இரண்டாம் கேள்வியில் கண்ட களைப்பின் காரணம் இதுவே. ஒரே பக்கமாகத் திரும்பினால் ஒரே காலின் ஒரே பகுதி 417 முறையும் நிறுத்தும் வேலையைச் செய்வதால் முழங்கால் வலியும் உடன் வரும்.

கைப்பேசியின் செயற்கைக்கோள் இடங்காட்டி இங்கே உதவாது. அதன் பிழையே சில மீட்டர் அளவில் இருப்பதால், 12 மீட்டர் நடைகளை அது குழப்பிக்கொள்ளும். கைப்பிடிச் சுவரில் 33 புளியங்கொட்டைகளை வரிசையாக வைத்து, பத்து நடைக்கு ஒன்று வீதம் தள்ளிக்கொண்டே வந்தால், கடைசிக் கொட்டை தள்ளப்படும்போது ஏறக்குறைய 4 கிலோமீட்டர் முடிந்திருக்கும்.

வேகம் கூடினால் என்ன ஆகும் என்பதில்தான் மாடியின் உண்மையான எல்லை தெரிகிறது. கிராமங்களில் விடியலில் ஓடும் இளைஞர் பலர் படைக்கோ காவல் துறைக்கோ ஆயத்தமாகிறவர்கள்; படை ஆள்சேர்ப்பில் 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் முடிப்பவர்க்கே முழு மதிப்பெண். அது நொடிக்கு ஐந்து மீட்டரை நெருங்கும் வேகம். வேகம் இரு மடங்கானால் தேங்கும் ஆற்றல் நான்கு மடங்காகும் என்பதால், அந்த வேகத்தில் ஒரு திருப்பத்தின் விலை 11 நேர்மீட்டரைத் தாண்டும். 12 மீட்டர் நடையில் பாதிச் செலவு திருப்பத்துக்கே போகும். உண்மையில் அந்த வேகத்தை எட்டுவதற்குள் சுவர் வந்துவிடும்.

பிரான்சின் துலூஸ் நகரை அடுத்த பால்மாவில், 2020 மார்ச்சில் எலிஷா நோகோமோவிட்ஸ் என்பவர் 7 மீட்டர் நீளமுள்ள தம் பால்கனியிலேயே முழு மாரத்தான் தூரத்தை 6 மணி 48 நிமிடத்தில் கடந்தார். ஆறாயிரத்துக்கு மேற்பட்ட நடைகள், நான்கு நொடிக்கு ஒரு திருப்பம். அவருடைய வேகம் மணிக்கு 6 கிலோமீட்டரை ஒட்டியிருந்ததால் ஒரு திருப்பத்தின் விலை ஒன்றரை நேர்மீட்டருக்குள் அடங்கியது. 9 கிலோமீட்டர் வேகத்தை நாடியிருந்தால் அது இரு மடங்காகியிருக்கும். குறுகிய இடத்தில் மெதுவாக ஓடுவது வேகமாக ஓடுவதைவிட மிக மலிவு.

எட்டு போடுதல்

நிற்காமல் திரும்பினால் இந்தத் திருப்பச் செலவைப் பெருமளவு தவிர்க்கலாம். இருசக்கர வாகன உரிமம் பெற எட்டு போட்டவர்களுக்கும், மாடியில் எட்டு வடிவ நடை பழகியவர்களுக்கும் தெரிந்த பாதையே இதற்கு ஏற்றது. 12க்கு 6 மீட்டர் தளத்தில், இரண்டரை மீட்டர் ஆரமுள்ள இரு வட்டங்களை அருகருகே அமைத்து எட்டாக இணைத்தால், ஒரு சுற்று 31 மீட்டருக்குச் சற்று மேல் வரும்; நான்கு கிலோமீட்டருக்கு 127 சுற்று.

வளைவில் வேகம் குறையாததால் இயக்க ஆற்றல் வீணாவதில்லை. ஆனால் உடலை உள்நோக்கி இழுக்கும் விசையைக் கால் தர வேண்டும். மணிக்கு 9 கிலோமீட்டர் வேகத்தில் இந்த வட்டத்துக்குத் தேவையான விசை, உடல் எடையில் கால் பங்கு. சற்றே உட்பக்கம் சாய்ந்தால் கால் அதைத் தாங்கிக்கொள்ளும். படைத் தேர்வின் வேகத்திலோ அது உடல் எடை முழுவதையும் நெருங்குவதால், பாதம் தளத்தில் வழுக்கிவிடும். எட்டின் சிறப்பு, முதல் வட்டத்தில் இடப்பக்கமும் அடுத்ததில் வலப்பக்கமும் திரும்ப வைப்பதால், வெறும் வட்டத்தில் ஒரே காலுக்கு விழும் பாரம் இங்கே இரு காலுக்கும் பங்கிடப்படுகிறது.

மாடிப்படி என்னும் ஏற்றம்

எட்டு வடிவம் தூரத்தைத் தரும். ஹிக்சன் வலியுறுத்திய கடுமையைத் தராது. அதற்கான இடம் அதே வீட்டின் மாடிப்படி. தரைக்கும் மாடிக்கும் இடையே 3 மீட்டர் உயரம் என்றால், ஒரு முறை ஏற ஆகும் செலவு 28 நேர்மீட்டர். மாடியின் இரண்டு நடைக்கும் அவற்றின் திருப்பங்களுக்கும் ஆகும் செலவை ஒட்டியது அது. பத்து நொடியில் ஏறுகிறவர் நல்ல வேக ஓட்டத்தின் மூச்சிரைப்பைப் பெறுவார். வேகம் குறைவாக இருப்பதால் மூட்டு மோதலும் குறைவு. வேக ஓட்டத்துக்கு இடமில்லாத வீட்டில், இதயத்தை உயரத் தள்ளும் வேலையைப் புவியீர்ப்பு ஏற்றுக்கொள்கிறது. இறங்கும்போது மட்டும் அவசரம் ஆகாது. விழுவதும், தொடைத்தசை மறுநாள் இறுகிக்கொள்வதும் பெரும்பாலும் இறக்கத்தினால்தான். கைப்பிடியைப் பற்றி நடந்தே இறங்குவது, அடுத்த ஏற்றத்துக்கு முன் மூச்சைத் தணிக்கும் இடைவெளியாகவும் அமையும்.

படியில்லாத ஓட்டு வீட்டினர், முற்றத்தில் கயிறு தாண்டி இதே பயனைப் பெறலாம். சாலையில் ஓடத் தயங்கும் பெண்களுக்கு, முடக்கம் நீங்கிய பிறகும் இக்கணக்கு பயன்படும்.

தளத்தின் சூடு

ஓட்டத்தில் எரியும் ஆற்றலில் முக்கால் பங்கு வெப்பமாகிறது என்பதை மேலே கண்டோம். 60 கிலோ எடையுள்ளவர் ஐந்து கிலோமீட்டர் ஓடினால் ஏறத்தாழ 300 கிலோகலோரி செலவாகிறது. அதில் 225 வெப்பம். ஒரு லிட்டர் வியர்வை முழுதும் ஆவியானால் 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துச் செல்லும் என்பதால், 400 மில்லிலிட்டர் வியர்வை ஆவியானாலே கணக்கு நேராகிவிடும். ஆனால் கடலை ஒட்டிய இப்பகுதியின் ஈரக் காற்றில் வியர்வை ஆவியாவதைவிடச் சொட்டுவதே அதிகம். சொட்டும் வியர்வை குளிர்விப்பதில்லை. சாலையில் ஓடுகிறவருக்கு அவருடைய ஓட்டமே ஒரு காற்றை உண்டாக்கித் தரும். அடிக்கடி நின்று திரும்பும் மாடியில், சுவர்களுக்கு நடுவே, அந்தக் காற்றும் மெலிகிறது.

இதோடு தளத்தின் நினைவாற்றலையும் சேர்க்க வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் பகல் முழுதும் வெயில் குடித்த கான்கிரீட், மாலைக் கடற்காற்று வீசத் தொடங்கிய பிறகும் நெடுநேரம் வெப்பத்தை உமிழ்ந்துகொண்டே இருக்கும். வெறுங்காலை வைத்துப் பார்த்தால் இரவு எட்டு மணிக்கும் அது தெரியும். தளம் மிகக் குளிர்ந்திருப்பது கதிர் எழுவதற்குச் சற்று முன்பு. ஈரம் கூடுதலாக இருந்தாலும், கத்திரி வெயில் நாள்களில் மாடி ஓட்டத்துக்கு அதுவே தக்க வேளை.

பழக்கம் எதைப் பற்றி நிற்கிறது

உடலுக்கு வழி தெரிந்த பின்னும், நாள்தோறும் எழுந்து ஓடுவதற்கு மனம் ஒத்துழைக்க வேண்டும். உளவியலாளர் பழக்கம் என்று அழைப்பது, ஒரு தூண்டல் தோன்றியதும் தனியே முடிவெடுக்காமலே ஒரு செயல் தொடங்கிவிடுவதை. கோயில் ஒலிபெருக்கியின் முதற்பாட்டு, பால் ஊற்றப் போகிறவரின் மிதிவண்டி மணி, தெருமுனையில் காத்திருக்கும் ஓட்டத் தோழர் ஆகியவை அத்தகைய தூண்டல்கள். முடக்கம் சாலையை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. இந்தத் தூண்டல்களையும் ஒருசேர எடுத்துக்கொண்டதால், நேரம் தாராளமாக இருந்தும் பலருடைய ஓட்டம் நின்றது.

2010இல் இலண்டன் யூனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த பிலிப்பா லாலியும் குழுவினரும் 96 பேரிடம் நடத்தி வெளியிட்ட ஆய்வில், ஒரு புதிய செயல் பழக்கமாக ஊன்றச் சராசரியாக 66 நாள் ஆயிற்று. ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் தவறியது முன்னேற்றத்தைப் பெரிதாகக் கெடுக்கவில்லை. எனவே புதிய தூண்டலாக, வீட்டுக்குள்ளேயே தவறாமல் நிகழும் ஒன்றைத் தேர்வது நல்லது: வாசல் தெளித்துக் கோலம் போட்டு முடித்ததும், அல்லது மோட்டார் போட்டுத் தொட்டி நிரம்பும் நேரத்தில், மாடி ஏறுவது என்று வைத்துக்கொண்டால், ஓடலாமா வேண்டாமா என்ற கேள்வி சில வாரங்களில் எழாமலே போகும்.

சாலை திறந்த பின்

பொதுமுடக்கத்தின் நான்கு கட்டங்களையும் கூட்டினால் 68 நாள். லாலியின் சராசரியைவிட இரண்டு நாள் கூடுதல். அத்தனை நாளும் வாரத்தில் சில காலைகள் எட்டு போட்டு, இரண்டு காலைகள் படியேறிய ஒருவர், ஜூன் மாதத்தில் ஊசுட்டேரிப் பக்கமோ பாகூர் ஏரிக்கரைப் பக்கமோ மீண்டும் இறங்கியிருந்தால், அவருடைய மூச்சும் இரத்தமும் சாலையை அடையாளம் கண்டுகொண்டிருக்கும். அடையாளம் காணாமல் தடுமாறுவது குதிகால் தசைநாண்; இரண்டு மாதமாக நீண்ட காலடியையும் வேகத்தையும் மறந்திருந்த அது, இதயத்தைவிட மெதுவாகவே பழகும். அதனால் மாடியில் ஓடியவரும் முதல் இரு வாரம் வேகத்தை அடக்கி, மாடி வேகத்திலேயே சாலையில் ஓட வேண்டும். ஓடாமல் இருந்தவரோ தூரத்தைப் பாதியாக்கிக்கொண்டு தொடங்கலாம். முதலில் வற்றிய இரத்த நீர்மம்தான் முதலில் திரும்பியும் வருகிறது என்பதால், அவர் மூச்சு வாங்கி நின்ற இடம் ஒவ்வொரு வாரமும் சற்றுத் தள்ளிப்போகும்.